கதவு பொருத்தும் லைனில் என் மகள்

எங்கள் சாந்தோம் பக்கத்துக் குடும்பங்களில் பெண் படித்தால் டீச்சர், இல்லையென்றால் நர்ஸ். நானும் டீச்சர்தான். என் மகள் மட்டும் டிப்ளமோ முடித்துவிட்டு, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கார் தயாரிக்கும் தொழிற்சாலையில் சேர்ந்தாள். கதவு பொருத்தும் லைனில் வேலை. ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போது, “பொண்ணு இன்னா பண்றா?” என்று யாராவது கேட்பார்கள். “ஃபேக்டரியில” என்றதும் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் போல முகத்தை வைத்துக்கொள்வார்கள். “பாவம், ஆபீஸ்ல எதுவும் கெடைக்கலையா?” என்று கேட்டுவிட்டு அவரவர் காரில் ஏறிப் போவார்கள். அந்தக் காரின் கதவு மட்டும் தானாக முளைத்ததாக்கும்!

எனக்கு அவளைப் பார்த்தால் பெருமை தாங்காது. தி.நகருக்குத் துணி எடுக்கப் போனால், நிற்கிற கார்களின் கதவு இடுக்கையெல்லாம் குனிந்து பார்த்துக்கொண்டே வருவாள். “இது சரியா உக்காரலம்மா” என்பாள். எனக்கு ஒன்றும் தெரியாது, தலையை ஆட்டுவேன். போன மாதம் அவளை லைன் லீடர் ஆக்கினார்கள். அன்றைக்கு நான் தெருவுக்கே லட்டு கொடுத்தேன்.

என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு, எங்கள் வீட்டு முடிவுகளை எடுக்கும் பொறுப்பை அவருடைய அக்கா தானாகவே ஏற்றுக்கொண்டார். சைதாப்பேட்டையிலிருந்து வரன் கொண்டுவந்தவரும் அந்த நாத்தனார்தான். பையன் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அவர்களிடம் இவர், “பொண்ணு கார் கம்பெனி ஆபீஸ்ல எச்.ஆர்.” என்று அளந்துவிட்டிருந்தார்.

“ஏன் அண்ணி இந்தப் பொய்?” என்றேன்.

“நீ சும்மா இரு. ஃபேக்டரின்னா எவன் வருவான்?” என்றபடி, வாசலில் கிடந்த மகளுடைய கனத்த ஃபேக்டரி ஷூவைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

மகள் பார்த்துக்கொண்டே இருந்தாள். “நானா எதுவும் சொல்லல அத்தை. கேட்டா மறைக்க மாட்டேன்.”

பையன் வீட்டார் வந்தார்கள். பையன் மரியாதையாகப் பேசினான். எனக்குப் பிடித்துப்போய்விட்டது, அதுதான் வம்பு. இந்த இடம் அமைந்தால் போதும் என்று மனதுக்குள் ஜெபமே ஆரம்பித்துவிட்டேன். காபித் தட்டோடு சமையலறையிலிருந்து மகள் வந்தாள். கூடத்து நிலைப்படியில் சட்டென்று நின்றாள். தட்டை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையை நீட்டி வலப்பக்கம் காட்டினாள், இடப்பக்கம் காட்டினாள், நேரே காட்டினாள். “க்ளியர்” என்று மெல்லச் சொல்லிவிட்டு உள்ளே காலெடுத்து வைத்தாள்.

எல்லாரும் நிலைப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

“இன்னாம்மா அது?” என்றார் பையனின் அம்மா.

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. “பழக்கம் ஆன்ட்டி. ஃபேக்டரிக்குள்ள சாமான் ஏத்திக்கினு வண்டி போய்க்கினே இருக்கும். வழி குறுக்க வந்தா நின்னு, கை காட்டி, பார்த்துட்டுத்தான் தாண்டணும். பதட்டத்துல இங்கயும் வந்துடுச்சு.”

“ஆபீஸ்லயா வண்டி போகும்?”

“ஆபீஸ் இல்ல ஆன்ட்டி. நான் லைன்ல இருக்கேன். கதவு மாட்டறோம்.”

நாத்தனார் பஜ்ஜியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அவர் பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றுதான். பையன் காபியைப் பார்த்தபடியே இருந்தான். வீட்டுக்குப் போய்ச் சொல்கிறோம் என்று கிளம்பினார்கள்.

போன் வராது என்றுதான் நினைத்தேன். வந்தது. “பொண்ண எல்லாருக்கும் பிடிச்சிருக்கு. வேலைய மட்டும் மாத்திக்கட்டும். ஆபீஸ்லயே கேட்டா குடுப்பாங்களாமே?” என்றார் பையனின் அம்மா. கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்தேன். சம்மதம் சொல்லிவிடேன் என்று என் மனசு அடித்துக்கொண்டது, பொய் சொல்வானேன்.

இரவு ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்திறங்கியவள், நின்றபடியே இட்லியைப் பிட்டுக்கொண்டு நான் சொன்னதைக் கேட்டாள்.

“கேட்டா குடுப்பாங்கம்மா. ஆனா என் லைன்ல இருக்கற பொண்ணுங்க வீட்லயும் இதையேதான் சொல்றாங்க. லீடரே ஓடிட்டா, அதுங்க வீட்ல எப்படி எதிர்த்து நிக்கும்?”

அவ்வளவுதான் சொன்னாள். கை கழுவிவிட்டுப் போய்ப் படுத்தாள். இத்தனை வருஷம் வகுப்பில் நின்று தைரியத்தைப் பற்றிப் பாடம் எடுத்திருக்கிறேன். அது என் வீட்டிலேயே இட்லி தின்றுகொண்டிருந்தது.

போனை எடுத்தேன். அந்தப் பையனை நினைத்துக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

“எங்களுக்கு வேலை ரொம்பப் பிடிச்சிருக்குங்க,” என்றேன். “மாப்பிள்ளைய மட்டும் மாத்திக்கறோம்.”