ஐந்தரை மணித்தியாலம்

இலங்கையின் வடக்கே, திருநெல்வேலிச் சந்தைக்குக் கிட்ட போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கும் உதயகலா ஒருவரிடமும் உதவி கேட்கமாட்டாள். நாற்பத்திரண்டு வயதுவரை கேட்காமலே வந்துவிட்டாள். மெசினில் தாள் இறுகினால் தானே கழற்றுவாள், கூரை ஒழுகினால் தானே ஏறுவாள். சாதகம் கணிப்பதையும் யாரிடமும் போகாமல் தானே படித்தாள். இப்போது கொப்பி அடிக்க வருகிறவர்களைவிடச் சாதகம் கேட்டு வருகிறவர்கள்தான் கூட.

பெடியள் கொண்டுவரும் பென்டிரைவுகளால் கணினிக்கு வைரஸ் வந்து வந்து, அவளுக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது. பழைய கணினி ஒன்றிலிருந்து ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, கடைக் கணினியில் இரண்டாவதாகப் பூட்டி, அதில் லினக்ஸைப் போட்டாள். போட்ட பிறகும் கணினி நேரே விண்டோசுக்குத்தான் போனது. இன்னொரு டிஸ்க் இருப்பதாகவே அது காட்டிக்கொள்ளவில்லை. இரண்டு நாள் மண்டையைப் போட்டு உடைத்தாள். கடைசியில், எந்த டிஸ்க்கில் முதலில் தொடங்குவது என்ற வரிசையை மாற்றியதும், எது வேண்டும் என்று கேட்டுக் கறுப்புத் திரையில் பட்டியல் வந்தது. அன்றைக்கு அவளுக்குச் சந்தோசத்தில் தலைகால் தெரியவில்லை. கடைவேலையும் இணையமும் லினக்ஸில். சாதக மென்பொருள் மட்டும் விண்டோசில். விண்டோசுக்கு இணையத்தையே வெட்டிவிட்டாள். இனி எந்த வைரஸ் வருகிறது பார்ப்போம் என்று வீறாப்பு வேறு.

லினக்ஸ் போட்டு இருபத்துநாலாம் நாள் காலை, கமலாவதி ரீச்சர் கையில் ஒரு தாளோடு வந்து நின்றார். தொலைந்த தோடு எங்கே என்று போன கிழமை பிரசன்னம் கேட்டவர். பிரசன்னம் என்றால், கேள்வி கேட்கிற நேரத்தில் வானம் இருக்கிற இருப்பை வைத்துப் பலன் சொல்வது.

“பிள்ளை, நீ சொன்னபடி வடக்குப் பக்கம் கிணத்தடியெல்லாம் கிண்டிப்போட்டன். ஒண்டுமில்லை. இப்பத்தான் இதைப் பாக்கிறன், காலமை பதினொரு மணி எண்டு கிடக்கு. நான் பின்னேர வகுப்பு முடிஞ்சு நாலரைக்கெல்லோ வந்தனான்?”

உதயகலா சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். பத்தேகால். கணினியின் மூலையைப் பார்த்தாள். விடியப்புறம் நாலே முக்கால் என்றிருந்தது.

லினக்ஸுக்குப் போனாள், நேரம் சரி. திரும்ப விண்டோசுக்கு வந்தாள். ஐந்தரை மணித்தியாலம் பின்னுக்கு. தொலைபேசியில் இணையத்தைத் தேடினால், உலகம் முழுக்க இதே முறைப்பாடு. லினக்ஸ் கணினியின் உள்மணிக்கூட்டில் கிறீன்விச் நேரத்தை வைத்துவிட்டு, காட்டும்போது ஐந்தரையைக் கூட்டிக் காட்டுகிறது. விண்டோஸ் உள்ளே இருப்பதையே இலங்கை நேரம் என்று நம்பிவிடுகிறது. லினக்ஸில் ஒற்றை வரிக் கட்டளை ஒன்றைத் தட்டியதும் எல்லாம் சரிவந்தது. பிறந்த நேரத்தை அவள் கையால் அடிப்பதால் சாதகங்களுக்குப் பழுதில்லை. பிரசன்னத்துக்கு மட்டும் மென்பொருள் தானாகவே கணினி நேரத்தை எடுத்துக்கொள்ளும்.

ரீச்சருக்கு மன்னிப்புக் கேட்டுப் புதுத் தாள் அடித்துக் கொடுத்து அனுப்பிவிட்டு, மேசை லாச்சியை இழுத்துத் திறந்தாள். அவள் தனக்கே பார்த்த பிரசன்னம் அதற்குள் கிடந்தது.

ரியூட்டரியில் கணிதம் படிப்பிக்கும் கேதீஸ்வரன் ஆறு வருசமாக அவளிடம்தான் வினாத்தாள் கொப்பி அடித்தவர். போன மாதம் ஒருநாள், “உமக்குச் சம்மதமெண்டால் நாங்கள் கலியாணம் செய்வம்” என்று நேரடியாகவே கேட்டார். அவருடைய சாதகம் இடம்பெயர்வில் தொலைந்துபோனது. பொருத்தம் பார்க்க வழியில்லை. அதனால்தான் ஒரு மத்தியானம் பிரசன்னம் போட்டாள். கலியாணத்துக்குரிய ஏழாம் வீட்டில் சனி. வேண்டாம் என்று இரண்டு வரியில் அவருக்குச் செய்தி அனுப்பினாள். அன்று முழுக்க அழுதாள். அவர் பிறகு கடைப்பக்கம் வரவேயில்லை.

தாளில் நேரம் காலை ஆறு நாற்பது. அவள் போட்டது பன்னிரண்டு பத்துக்கு. வேறு யாரோ ஒருத்தியின் வானத்தைப் பார்த்துவிட்டு அந்த மனிதரை வேண்டாம் என்றிருக்கிறாள்!

சரியான நேரத்தை அடித்தாள். பொத்தானை அமத்தப் போன விரல் நின்றுவிட்டது. திரும்பவும் சனி வந்தால்? வந்தாலும் அதன் பேச்சைக் கேட்கப்போவதில்லை என்று அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. அது அவளைத் தூக்கிவாரிப் போட்டது. கணினியை அப்படியே விட்டுவிட்டுத் தொலைபேசியை எடுத்தாள். மணிக்கூடு, லினக்ஸ், சனி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள்.

“அப்ப, இப்ப சரியான நேரத்தைப் போட்டுப் பாத்தனீரோ? என்ன சொல்லுது?” என்று கேட்டார் கேதீஸ்வரன்.

“பாக்கேல்லை. பாக்கவும் மாட்டன்.”

“அப்ப என்ரை காலுக்காக இல்லையோ?” என்றார் அவர்.

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் நினைவு வந்தது. அவருக்கு இடது முழங்காலுக்குக் கீழே பொய்க்கால். பார்த்துப் பழகி, அதை அவள் எப்போதோ மறந்துவிட்டிருந்தாள். கட்டம் பார்த்ததைச் சொல்ல வெட்கப்பட்டு அந்தச் செய்தியில் காரணமும் எழுதவில்லை. இருபது நாளாக அந்த மனிதர் தானாகவே ஒரு காரணத்தைத் தேடி எடுத்து வைத்திருந்திருக்கிறார்.

“ஐயோ, இல்லை, இல்லை. எனக்கது நினைப்பிலையே இல்லை. நீங்கள் ரியூட்டரியிலையே நில்லுங்கோ, நான் வாறன்.”

கடையைப் பூட்டவும் மறந்து, வெறுங்காலோடு பலாலி வீதியில் இறங்கினாள்.