பனங்கட்டியின் பெரிய பாதி

நீங்கள் நம்ப மாட்டீர்கள் என்று தெரிந்துதான் சொல்கிறேன். நானும் இதையெல்லாம் நம்பாத ஆள்தான். டென்மார்க்கில், ஹேர்னிங் நகரத்து முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன், எத்தனையோ பேரின் கடைசி மூச்சுக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறேன், உடம்பு துடைத்து உடுப்பு மாற்றியிருக்கிறேன், ஒருவரும் எழும்பி வந்து என்னோடு கதைத்ததில்லை. ஆள் போனதும் உயிர் வெளியே போகட்டும் என்று டெனிஷ்காரர் ஜன்னலைத் திறந்துவிடுவார்கள். எனக்கோ ஹீற்றர் சூடு வீணாகிறதே என்றுதான் இருக்கும்.

என் தம்பி ரவி கோப்பன்ஹேகன் பக்கம் புரொண்பியில் இருக்கிறான். இரண்டு பேரும் மரதன் ஓட்டத்துக்குப் பதிந்திருந்தோம். ஞாயிறு தோறும் அவன் அங்கே, நான் இங்கே, காதில் போனை மாட்டிக்கொண்டு கதைத்தபடியே நீள ஓட்டம் ஓடுவோம். அப்படி ஓடித் திரிந்தவனுக்குத்தான் நெஞ்சு நோவு வந்தது. இதயத்தில் அடைப்பு, பைபாஸ் செய்ய வேண்டும் என்றார்கள். ஒப்பரேஷனுக்கு முதல் நாள் நான் ரயிலேறப் போகிறேன் என்றதும் போனில் சண்டை பிடித்தான்.

"நீ வந்து கதிரையில இருந்து அழுறதுக்கோ? அதுக்கு என்ர மனிசி ஒராளே காணும். நாங்கள் ஞாயிறு ஓட இருந்த அந்த முப்பத்திரண்டு கிலோமீட்டரையும் நீ நாளைக்கு ஓடு அக்கா. நீ அங்க முடி, நான் இஞ்ச முடிக்கிறன்."

"விசர்க்கதை கதையாத."

"ஓம் எண்டு சொல்லு."

சொன்னேன். அவன் பகிடியாகக் கேட்டானா பயத்தில் கேட்டானா தெரியாது, எனக்கு அது கோயிலுக்கு வைத்த நேர்த்தி மாதிரி ஆகிவிட்டது. இடையில் நின்றால் அவனுக்கு ஏதும் ஆகிவிடும் என்று மனம் பிடித்துக்கொண்டது. பேய் பிசாசை நம்பாதவளுக்கு இது மட்டும் எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள்.

காலையில் அவனை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள் என்று அவன் மனைவி, என் மச்சாள், போனில் சொன்ன பிறகுதான் ஓடத் தொடங்கினேன். வயல்களுக்கு நடுவே போகும் சைக்கிள் பாதை, எதிர்க்காற்று, மழைத் தூறல், ஒரு ஆளில்லை. இருபது வரை ஒருமாதிரிப் போய்விட்டது. இருபத்தாறு தாண்டியதும் கால் இரண்டும் என்னுடையதாக இல்லை, பாதையோரம் ஒரு மரப் பெஞ்சு தெரிந்தது, அதில் இருந்துவிட்டால் போதும் என்று அழுதுகொண்டே அதை நோக்கிப் போனேன்.

அப்போதுதான் பின்னால் காலடி கேட்டது. ரவி ஓடினால் இடது கால் கொஞ்சம் தேய்ந்துதான் விழும், எங்கே கேட்டாலும் எனக்குத் தெரியும். அதே சத்தம். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அவன் இல்லாமல் போய்விடுவான் என்று பயந்தேனா, இருந்துவிடுவான் என்று பயந்தேனா, இப்போதும் சொல்லத் தெரியவில்லை. பெஞ்சைத் தாண்டி ஓடினேன். ஓடுகிறவர்களுக்கென்று கடையில் விற்கும் சத்து ஜெல் எனக்கு ஒத்துவராது, இடுப்புப் பையில் பனங்கட்டிதான் வைத்திருப்பேன். அதை எடுத்து, சின்ன வயதில் நாங்கள் பங்குபோடுகிற மாதிரியே, எச்சில் படாமல் போட்டிருந்த ரீசேட்டின் நுனியில் சுற்றிக் காக்கா கடி கடித்து உடைத்தேன். ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு மற்றதைப் பின்னால் நீட்டினேன். நம்பினால் நம்புங்கள், குளிர்ந்த விரல்கள் அதை எடுத்தன.

எங்கள் தெருமுனை வரை அந்தக் காலடி வந்தது. பிறகு இல்லை. முப்பத்திரண்டையும் முடித்து வீட்டுப் படியில் இருந்தபோது போன் அடித்தது.

"முடிஞ்சுது மச்சாள், நல்லபடியா முடிஞ்சுது," என்று ரவியின் மனைவி அழுதாள்.

அன்றே ரயிலேறினேன். மறுநாள் குழாயெல்லாம் எடுத்த பிறகு ரவி கண் முழித்து என்னைப் பார்த்தான். ஓடும்போது நடந்ததை நான் ஒருவருக்கும் சொல்லியிருக்கவில்லை, மச்சாளுக்கும்கூட. கட்டிப்போன குரலில், "வாயெல்லாம் பனங்கட்டி இனிப்பாக் கிடக்கு," என்றான். மருந்து மயக்கம் என்று மச்சாள் சிரித்தாள். நான் அவன் தலையைத் தடவினேன். கண்ணை மூடிக்கொண்டே சொன்னான்.

"பெரிய பாதிய நீ எடுத்திட்டாய் அக்கா."

உண்மைதான், எடுத்திருந்தேன்.

இப்போது அவன் நன்றாக நடக்கிறான், மெல்ல ஓடவும் தொடங்கிவிட்டான். நான் நீள ஓட்டம் போகும்போது அந்தப் பெஞ்சுக்குக் கிட்ட வந்ததும் பனங்கட்டியைக் கடித்து, பெரிய பாதியைப் பின்னால் நீட்டுகிறேன். இதுவரை யாரும் எடுக்கவில்லை, எடுக்காதவரை எனக்கு நிம்மதி. என்றாலும் வீட்டுக்கு வந்ததும் அவனுக்குப் போன் எடுத்து, குரலைக் கேட்ட பிறகுதான் சப்பாத்தைக் கழற்றுவேன்.