கட்டைவிரலில் தூளிக் கயிறு

பியானோ பரீட்சைக்கு நான் பெரும்பாலும் பயின்றது சாப்பாட்டு மேசையில்தான். ராயபுரத்தில் எங்கள் வீட்டில் பியானோ ஏது? மேசை விளிம்பில் சாக்கட்டியால் கட்டைகளை வரைந்துகொண்டு, ஜெர்மன்காரர் ஒருவர் எழுதிய சொனாட்டாவின் மெதுவான பகுதியைச் சத்தமில்லாமல் வாசிப்பேன். எட்டு மாதக் குழந்தை பக்கத்தில் தூளியில். தூளிக் கயிறு என் வலது கால் கட்டைவிரலில் கட்டியிருக்கும். கால் இழுக்க இழுக்கத் தூளி ஆடும். அந்த ஆட்டத்தோடு சேர்ந்து விரல்களும் நகரும்.

"இன்னா அண்ணி, காலையிலேர்ந்து அமுக்கிக்கினு கீறீங்க, இந்த மேசை ஒரு வார்த்தை பேசுச்சா?" என்பாள் என் கணவரின் தங்கை.

எனக்குச் சிரிப்பு வராது. நான் படித்த பள்ளியில் பாட்டு டீச்சர் வேலை காலியாக இருந்தது. சீமையிலிருந்து வரும் பரீட்சைக்காரர் தேறிவிட்டதாக எழுதினால்தான் அது எனக்கு. கணவர் சம்மதித்துவிட்டார். பால் மறக்காத பிள்ளையை விட்டுப் போக நான் ஆசைப்படலாமா என்றுதான் தினமும் என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமைகளில் பள்ளிப் பியானோவில் வாசித்துப் பார்ப்பேன். மிதித்தால் ஒலியை நீளவிடும் அதன் வலது பெடல் கடற்காற்றில் துருவேறி இறுகிப் போயிருந்தது. கால் வைத்துக்கொள்ள மட்டுமே உதவும்.

பரீட்சையன்று காலையில் பிள்ளைக்கு உடம்பு சுட்டது. போவதா வேண்டாமா என்று வாசல்வரை போய் இருமுறை திரும்பினேன். நாத்தனார்தான் குழந்தையை வாங்கிக்கொண்டு என்னை டிராமுக்கு அனுப்பினாள்.

பரீட்சைக் கூடத்தில் இருந்தது நல்ல பியானோ. முதல் பக்கம் ஒழுங்காகப் போயிற்று. பிள்ளை அழுகிறானோ என்று ஒரு நினைப்பு வந்தது. உடனே ஒலிகள் ஒன்றோடொன்று குழம்பின, சட்டென்று அறுந்தன, மறுபடி குழம்பின. குனிந்து பார்த்தேன். என் வலது கால் பெடலை அமுக்கி அமுக்கித் தூளி ஆட்டிக்கொண்டிருந்தது.

காலை எடுத்தேன். கைகளும் நின்றுவிட்டன.

பரீட்சைக்காரர் பொறுமையாகத்தான் இருந்தார். விட்ட இடத்திலிருந்து வாசிக்கச் சொன்னார். காலைத் தரையில் ஊன்றி எப்படியோ முடித்தேன். வீட்டுக்கு வந்தால், சுரம் தணிந்து குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. கயிறு நாத்தனாரின் கால் விரலில் இருந்தது.

கப்பல் தபாலில் முடிவு வந்தது. தேறவில்லை. அடுத்த பரீட்சைவரை வேலையை எனக்காக வைத்திருக்கப் பார்ப்பதாகத் தலைமை ஆசிரியை சொல்லியனுப்பினார்.

அன்று சாயங்காலமே மேசைமுன் உட்கார்ந்து, கயிற்றை இடது காலில் கட்டிக்கொண்டேன். இரண்டு வரி வாசிப்பதற்குள் கவலை வந்துவிட்டது: பியானோவில் இடது காலுக்கும் ஒரு பெடல் உண்டு.