அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை

மூன்று மாதம் முடியும்வரை கர்ப்பத்தை வெளியே சொல்லக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் கணவருக்கு மட்டும்தான் தெரியும்.

பொந்தியானில் அம்மா வீட்டில் தங்கையின் கல்யாணத்தன்று காலையிலேயே எனக்கு லேசாக உதிரம் பட்டது. நல்ல காரியம் நடக்கும் வீட்டில் கலக்கம் வேண்டாமென்று வாயை மூடிக்கொண்டு பந்தியில் பரிமாறினேன். தங்கை பினாங்குக்குப் புகுந்த வீடு போனாள். கணவரும் வேலைக்குத் திரும்பினார். மறுநாள் குளுவாங்கில் எங்கள் வீட்டில் தனியாக மயங்கி விழுந்தேன். சத்தம் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டு மலாய் அக்காதான் காரில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். நான் பிழைத்தேன். குழந்தை தங்கவில்லை.

குழந்தை உண்டானதே கணவரைத் தவிர யாருக்கும் தெரியாது. அதனால் துக்கம் கேட்கவும் யாரும் வரவில்லை. பல நாள் கழித்து அம்மாவிடம் போனில் சொன்னேன்.

"ஏன்டி எங்கிட்ட மறைச்ச?"

"நீதானேம்மா வெளிய சொல்லக் கூடாதுன்னு சொல்வ?"

"ஊருக்குத்தான்டி சொல்லக் கூடாது. நான் ஊரா?"

இப்போதெல்லாம் தலைவலி என்றால்கூட அன்றைக்கே அம்மாவைக் கூப்பிட்டுவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமைகளில் அர்ச்சனைத் தட்டோடு கோயிலில் நிற்கிறேன். ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்பார். என் பிள்ளைக்கு இரண்டும் இல்லை.

"சாமி பேருக்கே செஞ்சிடுங்க ஐயா" என்கிறேன்.