மூன்று புட்டிகளும் ஓர் இரும்பு மாத்திரையும்

அறுபதுகளின் தொடக்கத்தில், மட்டாஞ்சேரிக் கொச்சங்காடியில் இருந்த ஒரு பண்டகசாலையில் மிளகு தரம்பிரிக்கும் பணியில் இருந்தேன். ஒரு தோட்டத்து மிளகில் காரம் குறைந்தால் மற்றொரு தோட்டத்து மிளகைக் கலப்போம். எடை குறைந்தால் மூன்றாவதைச் சேர்ப்போம். ஒன்றின் குறையை இன்னொன்று ஈடுசெய்யும் என்பதே எங்கள் தொழிலின் வேதம். அதை என் மனைவியின் உடம்பிலும் ஓதத் துணிந்தேன் என்பதை வெட்கத்துடன் எழுதுகிறேன்.

முதற்கரு தங்காமற்போன மறு ஆண்டில் அவள் மீண்டும் கருவுற்றாள். ஐந்தாம் மாதத்தில் முகம் வெளுத்தது. ஒரு குடம் தண்ணீர் தூக்கினாலே மூச்சு வாங்கியது. பள்ளுருத்தியில் இருந்த மலையாளிப் பெண் மருத்துவர், இரத்தம் குறைவென்று கூறி, நாளுக்கு ஓர் இரும்பு மாத்திரை தந்தார். அதை உட்கொண்டதும் மலம் கறுத்தது. அவள் அஞ்சினாள்; நான் அவளினும் அஞ்சி மாத்திரையை நிறுத்தினேன்.

பின்னர் பத்திரிகை விளம்பரங்களைப் படித்து, சத்துப் பாகு ஒன்று, வைட்டமின் குளிகை ஒன்று, சுறாமீன் எண்ணெய்க் குளிகை ஒன்று என, மூன்று கடைகளில் மூன்று புட்டிகள் வாங்கினேன். குறித்திருந்த அளவு சாதாரண உடம்புக்காரர்களுக்கு என்றெண்ணி ஒவ்வொன்றையும் இரட்டித்தேன். மீன் விற்கும் தெருவைக்கூடத் தவிர்த்துச் சுற்றிப் போகிற சைவக்காரி, சுறா எண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள்.

"ஒங்களுக்காக இல்லை. வயத்துல இருக்கறதுக்காக முழுங்கறேன்" என்றாள்.

ஒரு மாதம் கழிந்தது. அவளுக்கு ஓயாத தலைவலி வந்தது, உதடு வெடித்தது, உள்ளங்கை உரிந்தது. போதவில்லை என்றே நான் முடிவுசெய்து, நான்காவது புட்டிக்காகத் தெருக்கோடி மருந்துக்கடைக்குப் போனேன். கடைக்காரர் பாலக்காட்டிலிருந்து வந்த இராவுத்தர், தமிழர்; என் மிளகுத் தொழிலை அறிந்தவர்.

"வீட்டுல வேற என்ன ஓடுது, சாமி?"

சற்றுப் பெருமையுடனேயே மூன்றையும் சொன்னேன்.

"ஒரே ஆளு குடிக்கறதா? இல்ல, நம்மளுக்குப் போட்டியாக் கடை வைக்கறீங்களா?" என்றவர், அலமாரியிலிருந்து அதே மூன்றையும் எடுத்து, பின்புறச் சீட்டைத் திருப்பி விரலால் தொட்டுக் காட்டினார். மூன்றிலும் வைட்டமின் ஏ இருந்தது. "மூணு தோட்டம்னு நெனச்சீங்க. எல்லாம் ஒரே தோட்டத்துச் சரக்கு. நான் ஒண்ணும் தரமாட்டேன். புட்டியெல்லாம் எடுத்துக்கிட்டு டாக்டரம்மாகிட்ட ஓடுங்க."

ஆங்கில எழுத்துக்களைக் கூட்டிப் படிக்க எனக்குத் தெரியும். கைப்பிடி மிளகைக்கூடத் திருப்பிப் பார்க்காமல் வாங்காத நான், அந்தப் புட்டிகளை ஒருமுறையும் திருப்பிப் பார்த்ததில்லை.

அவளையும் அழைத்துக்கொண்டு ஓடினேன். மருத்துவர் புட்டிகளை மேசைமேல் வரிசையாக நிறுத்தினார். "இது எந்தா, சீர்வரிசையோ? நல்லதாணென்னு சொல்லி வாரிக் கொடுத்தா சரியாகுமோ, சாமி? இந்தச் சத்து உடம்பிலேயே தங்கும். கூடினா விஷமாக்கும்."

"குழந்தைக்கு ஏதேனும்..." என்று கேட்கத் தொடங்கினேன்.

"இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது. எல்லாத்தையும் நிறுத்துங்கோ. இரும்பு ஒண்ணு மதி, அது போதும். கறுத்துப் போகும், பேடிக்க வேண்டா, பயமில்ல. கீரை, பயறு, எலுமிச்சை நாரங்கா, வயறு நெறைய சாப்பாடு. மாசாமாசம் வந்து காட்டணும்."

திரும்பும் பேருந்தில் அவள் புட்டிப் பையை என் மடியில் வைத்துவிட்டு வேறு இருக்கையில் போய் அமர்ந்தாள். மீன் தொடாத விரதத்தை முறித்தது வீண் என்பதைவிட, தன்னை ஒரு வார்த்தை கேளாமல் நான் கலந்ததே அவளை வருத்தியது என்பதைப் பிறகுதான் உணர்ந்தேன்.

சில வாரங்களில் தலைவலி அகன்றது. எட்டாம் மாதம் அவள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, நான் அதைக் கைமாற்றிக்கொள்ள வந்ததைக் கண்டு, "இதையும் இரட்டிச்சுத் தூக்குவேளா?" என்று சிரித்தாள். எனினும் பிள்ளையைக் கண்ணால் காணும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

பெண் பிறந்தது. கையும் காலும் விரலும் பழுதில்லை என்று மருத்துவர் காட்டியபோது, துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன். பிறகு தைரியத்தைத் திரட்டி, "குழந்தைக்குச் சத்துக்கு ஏதேனும் வாங்கட்டுமா?" என்றேன்.

"அம்மாவோட பாலு மதி" என்றார் மருத்துவர்.

கட்டிலிலிருந்து மெலிந்த குரல் ஒன்று எழுந்தது. "வாங்கறதுக்கு முன்னாடி கேட்டேளே. நேக்கு அது போறும்."