தலையை உயர்த்தாமல் ஒரு மடக்கு: பர்கூரிலிருந்து ஓசூருக்கு

1993 ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை ஓசூருக்குப் போனோம். என் தங்கை லட்சுமியின் கணவர் முனிராஜ் கிரானைட் குவாரித் தொழிலாளி. பக்கவாதம் வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. மூக்குக் குழாயை எடுத்த பிறகு இருமுறை நெஞ்சுச் சளியும் காய்ச்சலும் வந்துவிட்டன. இன்னொரு முறை வந்தால் மறுபடியும் குழாய்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். விழுங்குவதைச் சோதிக்கும் பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர், வியாழன்தோறும் பெங்களூரிலிருந்து ஓசூரில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு வருவதாகக் கேள்விப்பட்டுக் கிளம்பினோம்.

பர்கூரில் காலை 6.10க்கு பஸ். கிருஷ்ணகிரி பதினைந்து கிலோமீட்டர். அங்கே மாறினால் ஓசூர் இன்னும் ஐம்பது. இரண்டுக்கும் சேர்த்து ஆளுக்குப் பதினோரு ரூபாய். கிருஷ்ணகிரியில் கண்டக்டர் முன் சீட்டுக்காரரைக் கன்னடத்தில் அதட்டி எழுப்பி முனிராஜை உட்காரவைத்தார். 8.20க்கு இறங்கினோம்.

பயிற்சியாளர் ஷைலஜாவுக்கு முப்பது வயது இருக்கலாம். வாயை, நாக்கை, உதட்டை நிதானமாகப் பார்த்தார். பிறகு, "வீட்ல எப்படிக் குடிப்பீங்களோ அப்படியே ஒரு வாய் குடிங்கண்ணா," என்றார்.

முனிராஜ் இடது கையால் டம்ளரைத் தூக்கி, அண்ணாந்து ஊற்றிக்கொண்டார். இருமல் இல்லை.

"பாருங்கம்மா, பொரையே ஏறல," என்றாள் லட்சுமி சந்தோஷமாக.

"இப்ப ஆ சொல்லுங்க."

குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் களகளத்தது. தண்ணீர் மூச்சுக்குழல் வாசலில் நிற்கிறது, தொண்டைக்கு அது உறைக்கவில்லை, அதனால்தான் இருமல் வரவில்லை என்று ஷைலஜா விளக்கினார். அண்ணாந்தால் பாதை இன்னும் திறந்துகொள்ளுமாம். இரண்டு காய்ச்சலுக்கும் அதுவே காரணமாக இருக்கலாம் என்றார்.

"தண்ணி இப்ப வேணாம். கூழைக் கெட்டியாக் கரைச்சு, தாடையை நெஞ்சுப் பக்கம் இறக்கி, டம்ளர்ல வாய் வெச்சுச் சாப்பிடணும்."

"எச்சப் பண்ணியா?" முனிராஜின் குழறிய பேச்சிலும் அருவருப்பு தெளிவாக இருந்தது.

"குவாரியில ஒரே பீடிய நாலு பேரு இழுப்பீங்களே, அப்ப எங்க போச்சு எச்சலு?" என்றாள் லட்சுமி.

அவர் சிரித்துவிட்டார். லட்சுமி கொண்டுவந்திருந்த கேழ்வரகுக் கூழில் மருத்துவமனைச் சமையலறையில் மாவு சேர்த்துக் காய்ச்சித் தந்தார்கள். ஒரு மடக்கு, கூடவே வெறுமனே இன்னொரு விழுங்கல், பிறகு "ஆ". குரல் தெளிவாக வந்தது. மொத்தம் ஏழு மடக்கு, ஏழும் அப்படியே. ஷைலஜா அங்கிருந்த டாக்டரிடம் பேசிவிட்டு வந்து, குழாய் இப்போதைக்கு வேண்டாம், தண்ணீரைப் பற்றி பெங்களூரில் விழுங்குவதை எக்ஸ்ரேயில் பார்த்த பிறகு முடிவு செய்யலாம் என்றார். லட்சுமி சுவர்ப் பக்கம் திரும்பி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

இப்படிப் போகிறவர்கள் நோயாளி வீட்டில் சாப்பிடும் உணவையும் அவருடைய டம்ளரையும் எடுத்துப் போங்கள். கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லாதீர்கள். அவரே செய்து காட்டட்டும். திரும்பும் பஸ்ஸை மத்தியானத்துக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஏழு மடக்குக்கு மட்டும் இருபத்தைந்து நிமிடம் ஆனது. அவ்வளவு நேரமும் ஷைலஜாவின் விரல்கள், ஒவ்வொரு விழுங்கலையும் தொட்டுப் பார்த்தபடி, முனிராஜின் தொண்டைமேலேயே இருந்தன.