விமானத்தை எங்கே ஒட்டுவது

ஒவ்வொரு தடவையும் இதே கூத்துதான். சிங்கப்பூருக்குத் திரும்பிப் போக என் வீட்டுக்காரர் பரண்மேல் இருக்கும் பெட்டியை இறக்கினால் போதும், மகள் அவரோடு பேச்சை நிறுத்திவிடுவாள். ஒன்பதாவது படிக்கிறவள். அப்பாவைச் சாப்பிடக் கூப்பிடு என்றால் “நீயே கூப்பிடும்மா” என்பாள். மனுஷன் முகம் தொங்கிப்போய்த் திரிவார். அவள் பேசாமலே இவர் பிளைட் ஏறினால், அங்கே ஒரு மாதத்துக்குச் சோறு இறங்காது. அது எனக்குத்தான் தெரியும்.

இந்த முறை பள்ளிக்கூடத்துக்காக வளிமண்டல அடுக்குகளைச் சார்ட்டில் வரைந்துகொண்டிருந்தாள். கீழடுக்கு, மீள் அடுக்கு, இடையடுக்கு, வெப்ப அடுக்கு, வெளியடுக்கு என்று அடுக்குக்கு ஒரு கலர். இவர் பூனை மாதிரி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் வெட்டி வைத்திருந்த காகித விமானத்தை எடுத்து, கீழடுக்கில் மழைமேகத்துக்குள் ஒட்டப் பார்த்தார்.

“அய்யோ, அங்கிட்டு இல்லப்பா! மேகத்துக்கு மேல, கீழடுக்கோட உச்சியில!”

வாயைத் திறந்துவிட்டாள்! மாதாவே, எனக்கு அப்பாடா என்றிருந்தது.

“பத்து வருஷமாப் பறக்குறவன் நானா, நீயா? மேகத்துக்குள்ள கடகடன்னு ஆடுறது எனக்குத் தெரியாதா?”

“சன்னல் வழியாப் பாத்தீங்களா?”

இவர் காகித விமானத்தின் இறக்கையை நீவிக்கொண்டிருந்தார். என் வாய்தான் சும்மா இருக்காதே.

“ஒங்கப்பா எங்க பாத்தாங்க? திருச்சியில ஏறுன ஒடனே நம்ம ஊரு ஆவூர் மாதா கோயில் தெரிஞ்சிரும், மனசு தாங்காதுன்னு சன்னல் சீட்டே வாங்க மாட்டாங்க. சாப்பாடு வர்ற வரைக்கும் கண்ண இறுக்கி மூடிக்கிருவாங்க” என்று போட்டு உடைத்தேன்.

மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பசை டப்பாவை மூடினாள்.

“நீங்க பாத்துட்டுச் சொல்லுங்கப்பா. அப்பறம் ஒட்டுறேன்.”

அவர் கிளம்பிய அன்று சாயங்காலம் சிங்கப்பூரில் இறங்கியதும், விமானத்திலேயே பேசிப் பதிந்த அவர் குரல் என் வாட்ஸ்அப்பில் வந்தது. “பாப்பா, நீ சொன்னதுதான் சரி. மேகமெல்லாம் கீழ கெடக்கு. மேல ஒண்ணுமே இல்ல, ஒரே நீலம். ஒட்டிரு.” அதற்குப் பின்னாலேயே இன்னொன்றும் வந்தது. “நம்ம கோயிலும் தெரிஞ்சுச்சு பாப்பா. என்னால தாங்க முடியல.”

மகள் அழவில்லை. என் கையிலிருந்த போனை வாங்கி வாய்ப்பக்கம் வைத்துக்கொண்டு சொன்னாள்:

“வர்றப்பவும் சன்னல் சீட்டே வாங்குங்கப்பா. அப்பவும் நம்ம கோயில்தான் மொதல்ல தெரியும்.”